புதுப்பிப்பு: அமியோடரோனும் அம்மாவின் சோர்வும்

அம்மாவின் இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் தொடங்கியபின் வந்த சோர்வு, குளிர் தாங்காமை, வெயிலில் முகம் எரிவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மந்தமானால் இது ஏறும்) ஏறியிருந்தது. 200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. தைராய்டு தடுமாற அதுவே முக்கியக் காரணம். டாக்டர் அமியோடரோனை நிறுத்தாமல் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சேர்த்தார். இப்போது அம்மா மறுபடி வாசலில் கோலம் போடுகிறார், எவ்வளவு நிம்மதி! வெயிலுக்குக் குடை, முழுக்கை, துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன்.

“மாத்திரையை விட்டுவிடலாமே” என்றவர்களுக்கு: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அமியோடரோன் கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். பக்கவிளைவு உடனே போகாது; துடிப்பு மறுபடி தாறுமாறாகலாம். அப்புறம், புதிதாக இருமலோ மூச்சுவாங்கலோ வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நுரையீரலையும் இது பாதிக்கக்கூடும்.