பெட்டி 10 டாலர்: கிளே தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினால் இனி லாபம் உண்டா?

மினியாபொலிஸ் மணி:
வணக்கம். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த வருடம் பள்ளியின் கிளே டார்கெட் அணியில், அதாவது பறக்கவிடும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் அணியில், சேர்ந்துவிட்டான். மினசோட்டாவில் இது பேஸ்பால் மாதிரி சாதாரணப் பள்ளி விளையாட்டு. ஜூனில் அலெக்ஸாண்டிரியாவில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வருவார்கள். வாரத்துக்கு 50 இலக்கு, அதாவது 2 பெட்டி தோட்டா. துணைக்குப் போன எனக்கும் பித்துப் பிடித்ததில் வீட்டுக்கு வாரம் 4 பெட்டி ஆகிவிட்டது. போன சனிக்கிழமை கடையில் இருந்ததிலேயே மலிவான 12 கேஜ் (கேஜ் என்றால் குழல் அளவு), பெட்டி 10 டாலர். கிளப்பில் 25 இலக்கு கொண்ட ஒரு ரவுண்டுக்கு 7 டாலர் தனி. மனைவி கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்துவிட்டு, "தட்டு உடைக்க இவ்வளவு காசா? வீட்டில் இருப்பதையே உடைக்கலாமே" என்கிறாள். வீட்டில் நாமே நிரப்பினால் பாதி விலை என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா?

வட்டிக்கடை:
பாதி விலை எல்லாம் எந்தக் காலத்திலும் இல்லை. என் ரசீதுகளை வைத்துச் சொல்கிறேன். 25 பவுண்டு ரவை (தோட்டாவுக்குள் போடும் ஈயக் குண்டுமணி) மூட்டை 55 டாலர். தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் போட்டால் 400 தோட்டா வரும், ஒன்றுக்கு 13.75 சென்ட். 8 பவுண்டு பவுடர், அதாவது வெடிமருந்து, ஜாடி 230 டாலர், பவுண்டுக்கு ஏறத்தாழ 400 தோட்டா, ஒன்றுக்கு 7.2 சென்ட். பவுடரைப் பற்றவைக்கும் 209 பிரைமர் ஆயிரம் 75 டாலர், 7.5 சென்ட். பவுடருக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் வாட் 3 சென்ட். சுட்டுப்போட்ட ஹல், அதாவது காலித் தோட்டாக் கூடு, இலவசம். கூட்டிப் பாருங்கள், 25 கொண்ட பெட்டிக்கு 7 டாலர் 86 சென்ட். பவுடரும் பிரைமரும் கூரியரில் வந்தால் ஆபத்தான சரக்கு என்று ஆர்டருக்கு ஒரு தனிக் கட்டணம் வேறு விழும். மிச்சம் பெட்டிக்கு இரண்டு டாலர்கூட இல்லை. புது இயந்திரம் 300 டாலர். சீசனுக்கு 10 வாரம் என்று வைத்தாலும் அந்த 300ஐ எடுக்க நாலு சீசன் ஆகும். அதற்குள் பையன் கல்லூரிக்குப் போய்விடுவான்.

ஹல் பொறுக்கி:
மணி தம்பி, வட்டிக்கடை பேச்சைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். விஸ்கான்சினில் 30 வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன், இதே மாநிலத்து மேவில் ஊரில் செய்த மெக் 600 இயந்திரத்தில். அவர் கணக்கு ஒரு அவுன்ஸில் நிற்கிறது. முக்கால் அவுன்ஸுக்கு இறங்கினால் அதே மூட்டையில் 533 தோட்டா. எங்கள் கிளப்பில் பழைய ஆட்கள் ஒன்றே அரைக்கால், அதாவது 1⅛ அவுன்ஸ் இல்லாமல் சுடமாட்டார்கள். அவர்களுக்கு மூட்டைக்கு 355தான் வரும். ஒலிம்பிக்கில் உச்சவரம்பே 24 கிராம், முக்கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேல். பாரிஸ் 2024இல் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் (முன்னால் விலகிப் பறக்கும் தட்டு) சுட்டதும் அந்த வரம்புக்குள்தான். 16 கஜத்தில் நின்று சுடும் நமக்கு எதற்கு 32 கிராம்?

அப்புறம், ரவையை நான் இன்றைய விலைக்கு வாங்குவதில்லை. 2019இல் மூட்டை 38 டாலருக்கு 20 மூட்டை வாங்கிக் கராஜில் போட்டேன். இன்னும் ஏழு இருக்கிறது.

வட்டிக்கடை:
ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். பாட்டி பவுனை நூறு ரூபாய்க்கு வாங்கினாள் என்பதற்காக இன்றைக்குச் சங்கிலி மலிவு என்று சொல்ல முடியுமா? உங்கள் ஏழு மூட்டைக்கும் இன்றைய விலை 55தான். மணிக்கு அந்தக் கராஜ் இல்லை. முக்கால் அவுன்ஸ் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்கு 86 சென்ட் குறையும்.

28 கேஜ் கோமதி:
இரண்டு பேரும் 12 கேஜிலேயே சண்டை போடுகிறீர்கள். 12 கேஜ் தோட்டா கடைக்காரனுக்கு அரிசி மாதிரி, லாரி லாரியாக விற்பது. அதில் அவனோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. நான் டெக்ஸஸில் ஸ்கீட் சுடுகிறேன், இரு பக்கக் கூண்டிலிருந்தும் தட்டு பறக்கும் போட்டி. ஸ்கீட்டில் 12, 20, 28, 410 என நாலு அளவிலும் போட்டி உண்டு. 28 கேஜ் பெட்டி கடையில் 17 டாலர், வீட்டில் நிரப்பினால் 7 டாலருக்குள் முடிகிறது. 410 இன்னும் மோசம், ரவை அரை அவுன்ஸ்தான், விலை மட்டும் 12 கேஜைவிட அதிகம். என் இயந்திரம் ஒரே வருடத்தில் தன் விலையை எடுத்துவிட்டது. மணி, உங்களுக்கு 12 கேஜ் மட்டும்தான் என்றால் வட்டிக்கடை சொல்வதைக் கேளுங்கள்.

கலிபோர்னியா சாலமன்:
ஏன் இந்த விலை என்று யாரும் கேட்கவில்லையே. ஈயம் லண்டன் சந்தையில் 2019இலும் டன் 2,000 டாலரை ஒட்டித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான். 25 பவுண்டுக்கு ஈயம் 23 டாலர்கூட வராது. மூட்டை எப்படி 55 ஆனது? கொள்ளை. ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் என்ற தோட்டா பிராண்டுகள் மூன்றையும் 2024 நவம்பரில் ஒரே செக் நிறுவனம் 220 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது. இத்தாலியின் ஃபியோக்கியும் 2022 முதல் அதே கையில். பிறகு யாருக்கு யார் போட்டி? இதில் எங்கள் மாநிலம் 2024 ஜூலையிலிருந்து தோட்டாவுக்கு 11 சதவீதம் தனி வரி போட்டிருக்கிறது. 1937 சட்டத்தில் வரும் மத்திய வரி 11 சதவீதம் அதற்கு மேல்.

வட்டிக்கடை:
சாலமன், அந்த 1937 வரியைத் திட்டாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிற பணம், பல ஊர்களில் சுடுதளம் கட்டியதும் அதில்தான்.

ஈயக் கணக்கு சரி, ஆனால் ரவை வெறும் ஈயமல்ல. கடினமாக்க ஆன்டிமனி கலப்பார்கள். நல்ல ரவையில் 5 சதவீதம் என்று வையுங்கள், மூட்டைக்கு அரை கிலோவுக்கு மேல். 2024 தொடக்கத்தில் ஆன்டிமனி கிலோ 12 டாலர் அளவில் இருந்தது. சீனா செப்டம்பரில் கட்டுப்பாடு போட்டு, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அந்த வருட முடிவுக்குள் 30ஐத் தாண்டிவிட்டது. மூட்டைக்கு 10 டாலர் இதில் மட்டுமே ஏறுகிறது. பிரைமர் மருந்திலும் ஆன்டிமனி உண்டு.

பவுடர் கதை வேறு. அதற்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பீரங்கிக் குண்டுக்கு உந்துமருந்து செய்யவும் அதே சரக்குக்கு அடிபிடி. 155 மிமீ குண்டு ஒன்றைச் சுடக் கிலோ கணக்கில் வேண்டும், நமக்கு ஒரு தோட்டாவுக்கு ஒரு கிராமைச் சுற்றி. சண்டை நடக்கும்போது வரிசையில் முதலில் நிற்பது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

கலிபோர்னியா சாலமன்:
சரி, பத்து டாலரை ஏற்கிறேன். 23ம் 10ம் 33. மிச்ச 22 யார் பையில்?

வட்டிக்கடை:
ரவை செய்பவன் கூலி, கரண்ட், மூட்டை, லாரி, கடைக்காரன் பங்கு. 25 பவுண்டுச் சுமை பஞ்சுபோலப் பறந்து வராது. கொஞ்சம் கொள்ளையும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஹல் பொறுக்கி:
கொள்ளையில் எங்களுக்கும் பங்கு உண்டு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் பிரைமர் காணாமல் போனபோது பதுக்கியவர்கள் என்னைப் போன்ற கிழவர்கள்தான். முன்பு ஆயிரம் 32 டாலருக்கு வாங்கியதை 2021இல் ஒரு கண்காட்சியில் ஒருவர் 100க்கு விற்றார். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாயிரம் வாங்கினேன்.

28 கேஜ் கோமதி:
இலக்கு விலையை எல்லோரும் மறந்துவிட்டோம். கிளே என்று பெயர்தானே தவிர அதில் களிமண்ணே கிடையாது, சுண்ணாம்புக்கல் பொடியும் தார் மாதிரியான பிட்ச்சும். 135 இலக்கு கொண்ட பெட்டி கனம், கீழே போட்டால் பாதி தூள். எண்ணெய் விலையும் லாரி வாடகையும் ஏறினால் ரவுண்டு விலையும் ஏறும். தோட்டாவில் ஒரு டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, இடம் மாறி மாறிச் சுடும் நூறு இலக்கு ஸ்போர்டிங் கிளேஸுக்கு 60 டாலர் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மினியாபொலிஸ் மணி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு புது விஷயம்: எங்கள் அணிப் பயிற்சியாளர் வீட்டில் நிரப்பிய தோட்டாவைப் பிள்ளைகள் கொண்டுவரவே கூடாது என்கிறார். அப்படியானால் நான் சுடுவதற்கு மட்டும்தான்.

ஹல் பொறுக்கி:
அவர் சொல்வது நியாயம். ஒருமுறை நான் பேச்சு மும்முரத்தில் பவுடர் பாட்டில் காலியானதைக் கவனிக்காமல் ஏழெட்டுத் தோட்டாவை நிரப்பிவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. மேலே எட்டு மடிப்பும் பூ மாதிரி அழகாகக் குவிந்திருந்தது. மறுநாள் தளத்தில் 'டுமீல்' என்று வெடிக்கவேண்டியது 'பொத்' என்றது. ரவை பத்தடி தள்ளி உதிர்ந்தது, வாட் குழலிலேயே சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் "நிறுத்து, திறந்து குழலைப் பார்" என்று கத்தாமல் இருந்திருந்தால் அடுத்த தோட்டாவைப் போட்டிருப்பேன், குழல் கிழிந்திருக்கும். அதிலிருந்து பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை தராசு, பேச்சும் கிடையாது, டிவியும் கிடையாது.

ஆனாலும் குளிர்காலத்தில் ராத்திரி கராஜ் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தால் ரவை சரசரவென்று இறங்கும். முறுக்கு பிழிகிற மாதிரி ஒரு தாளம். வட்டிக்கடை இதற்கு எத்தனை சென்ட் போடுவார்?

வட்டிக்கடை:
ஒரு மணி நேரத்துக்கு 4 பெட்டி நிரப்புவீர்கள் என்று வையுங்கள். மிச்சம் 8 டாலர். மெக்டொனால்ட்ஸில் இதைவிட அதிகம் தருகிறார்கள், ஐயா. பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், வாயே திறக்கமாட்டேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

28 கேஜ் கோமதி:
மணி, அணியில் பெற்றோர்கள் எல்லோரும் சேர்ந்து சீசன் தொடங்கும் முன்பே மொத்தமாக வாங்குங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அணி அப்படிச் செய்து பெட்டிக்கு ஒன்றரை டாலர் குறைத்தது. இயந்திரமே வேண்டாம், பிரைமரும் வேண்டாம்.

மினியாபொலிஸ் மணி:
மொத்தக் கொள்முதலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் சொன்னால் திட்டுவீர்கள். நேற்று பக்கத்துத் தெருவில் கராஜ் சேல். பழைய மெக் 600, பவுடர் பாட்டிலோடு 40 டாலர். விடமுடியவில்லை.

ஹல் பொறுக்கி:
சபாஷ்! பவுடர் இருந்தால் தூக்கிப் போடுங்கள், லேபிளை நம்பாதீர்கள். அச்சில் என்ன கேஜ் என்று எழுதியிருக்கிறது?

மினியாபொலிஸ் மணி:
20.

28 கேஜ் கோமதி:
😂

ஹல் பொறுக்கி:
சிரிக்கிற விஷயமில்லை, கோமதி. மணி, உங்கள் வீட்டில் 12 கேஜ் துப்பாக்கி மட்டும் இருந்தால் ஒரு 20 தோட்டாகூட வீட்டுக்குள் வரக்கூடாது. அது 12 குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் கை போகும். 20 தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே அதனால்தான். 12க்கு மாற்றும் அச்சு செட் தனியாக விற்கிறார்கள், அதை மாட்டும்வரை இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

வட்டிக்கடை:
அந்த அச்சு செட் என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள் மணி. 40ஓடு கூட்டிக்கொள்கிறேன்.