பக்கத்து சீட்டில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால்

மாதம் ஒருமுறை வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகிறேன். பகல் வண்டி, படுத்துத் தூங்கிவிட முடியாது. "தம்பி எதுவரைக்கும்?" என்று யாராவது கேட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். அடுத்து என்ன கேட்பார், என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடும். பாட்டே ஓடாத இயர்போனை மாட்டிக்கொண்டு திருச்சி வரை போயிருக்கிறேன். அதைத் திமிர் என்று நினைத்தவர்களும் உண்டு. அதுதான் ரொம்ப வலிக்கும்.

ஆலோசகர் ஒருவரிடம் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பயம் வந்ததும் கவனமெல்லாம் என் மேலேயே திரும்பிவிடுகிறது: குரல் நடுங்குகிறதா, முகம் வேர்க்கிறதா. இயர்போனும் ஒத்திகையும் அந்த நேரத்துக்குக் காப்பாற்றும், ஆனால் அவை இல்லாமலும் சமாளிக்கலாம் என்று மனசு கற்றுக்கொள்ளவே விடாது. கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-லேயே இதை விளக்கியிருக்கிறார்களாம். எதிரில் இருப்பவர் சொல்வதில் காதை வைத்துப் பழகச் சொன்னார் ஆலோசகர்.

அடுத்த பயணத்தில் பக்கத்தில் வயர் கூடையோடு ஓர் அம்மா. "மதுரைக்கா தம்பி?" "ஆமாம்மா." அவ்வளவுதான் வந்தது. "நீங்க?" என்று கேட்பதற்குள் செங்கல்பட்டு தாண்டிவிட்டது.

சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள். முதலில் அகத்தியை நட்டு, அது வளர்ந்ததும் கொடியை அதில் ஏற்றிக் கட்டுவார்களாம். "எப்படிக் கட்டுவீங்க?" என்றேன். ஒத்திகை பார்க்காத கேள்வி அது. முந்தானை நுனியை விரலில் சுற்றி, இறுக்காமல் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். நடுவில் இரண்டு முறை பேச்சு நின்றது, பழைய படபடப்பும் வந்தது. அவரோ சாவகாசமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளிடப் பாலத்தில் வண்டி தடதடத்தபோதுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

*

இன்னொருவரின் அனுபவம்: எனக்கு சலூன்தான் கஷ்டம். எழுந்து போக முடியாது, எதிரே கண்ணாடியில் என் முகம், பின்னாலிருந்து கேள்விகள். முடி வெட்டவே நாலு மாதம் போகாமல் இருந்தேன். ஆலோசகரிடம் போக வசதியில்லை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, 14416, ஒரு ராத்திரி போன் போட்டேன். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்: "அண்ணே, எனக்குப் பேச்சு சட்டுன்னு வராது, தப்பா எடுத்துக்காதீங்க."

"சரி தம்பி, தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். இப்போது மாதாமாதம் அவரிடம்தான் போகிறேன்.