முதல் அசைன்மென்ட் எழுதும் முன் ஏஐ விதியைக் கேட்டுவிடுங்கள்

மாஸ்டர்ஸ் படிக்க இப்போதுதான் வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, வாடகை வீடு, சிம் கார்டு, பேங்க் கணக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் ஏஐ பற்றிச் சொல்கிறேன். இதில் நான் பட்ட பாடு உங்களுக்கு வரக்கூடாது.

2023-இல் நான் இங்கிலாந்து வந்தேன். இரண்டாவது கட்டுரையை ராத்திரி கண்விழித்து நானேதான் எழுதினேன். பத்து நாள் கழித்து, அதில் பெரும்பகுதி ஏஐ எழுதியதாகத் தெரிகிறது, விசாரணைக்கு வரவும் என்று மெயில் வந்தது. விசா என்ன ஆகும், அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக்கடன் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது கூகுள் டாக்ஸில் இருந்த வெர்ஷன் ஹிஸ்டரி. எந்த வரியை எந்த நாள் எழுதினேன், எதை அழித்தேன் என்று எல்லாமே அதில் இருந்தது. இருபது நிமிடத்தில் விசாரணை முடிந்தது.

இது ஏன் நம்மைப் போன்றவர்களுக்கு நடக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் பல, அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கின்றன. ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்கின்றன. நாம் பள்ளியில் படித்துவந்த ஆங்கிலமோ, தப்பு வந்துவிடுமோ என்று பழகிய சொற்களையே போட்டு எழுதும் ஆங்கிலம். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றை மனிதர் எழுதியவை என்று அதே மென்பொருள்கள் ஏறக்குறைய சரியாகவே சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் கண்டறியும் கருவி போதிய அளவு துல்லியமாக இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. அடுத்த மாதம் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் இருந்த ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியது. விசாரணைக்குப் போக நேர்ந்தால் இவற்றை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

அப்புறம், வேறு நாட்டில் படிக்கும் நண்பன் சொன்னதை வைத்து எதையும் செய்யாதீர்கள். ஒரே ஊரில்கூட விதி நிலையாக இருப்பதில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடுத்தன, மே மாதமே தடையை விலக்கின. எஸ்டோனியா 2025 செப்டம்பரில் 10, 11ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தானே ஏஐ கருவிகளைக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் ஏஐ பாடநூலைக் கொண்டுவந்து, ஆகஸ்டிலேயே அதற்குப் பாடநூல் தகுதி இல்லை என்று சட்டம் போட்டது. சிட்னி பல்கலைக்கழகம், கண்காணிப்போடு நடக்கும் தேர்வுகள் ஒரு வகை, ஏஐயைப் பயன்படுத்தலாம் என்ற வேலைகள் இன்னொரு வகை என்று பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பாடத்தில் அனுமதி இருக்கும், பக்கத்துப் பாடத்தில் இருக்காது.

அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியருக்கு மெயில் போடுங்கள். வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் பதில் வேண்டும். 'கிராமர்லி மாதிரி இலக்கணம் திருத்தும் கருவி போடலாமா, தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாமா, தலைப்புக்கு யோசனை கேட்கலாமா' என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். சில இடங்களில் மொழிபெயர்ப்பும் தவறாகவே கருதப்படும். அனுமதி இருந்தாலும் ஏஐ தரும் மேற்கோள் நூல்களை நூலகத் தளத்தில் தேடிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள், இல்லாத கட்டுரையை இருப்பதாகவே அது சொல்லும். ஏஐ எழுத்தை மனித எழுத்தாக மாற்றித் தருகிறோம் என்று விற்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். உங்கள் சொந்த எழுத்தை அதில் போட்டாலும் பிறகு விளக்கம் சொல்ல முடியாது. முதல் வரியிலிருந்தே வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும் இடத்தில் எழுதுங்கள், நோட்டில் கிறுக்கியதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு வந்திருப்பவர்களுக்கு ஒன்று: வகுப்பறையில் இந்தக் கருவிகளுக்குக் குறைந்தபட்ச வயது 13 என்று யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்களில் கல்வித்துறையே சொந்தமாக ஒரு ஏஐ கருவியை வைத்திருக்கிறது. விடையை நேரே கொடுக்காமல் பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டில் வேறு எதையும் வாங்கும் முன் பள்ளியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

யாருக்காவது ஏற்கனவே மெயில் வந்திருந்தால், அன்று ராத்திரியே பதில் எழுதாதீர்கள். பயத்தில், செய்யாததையும் செய்தேன் என்று எழுதிவிடுவோம். இங்கிலாந்தில் பெரும்பாலான மாணவர் சங்கங்களில் இலவச ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. மறுநாள் காலை முதல் வேலையாக அங்கே போங்கள். விசாரணைக்குக் கூடவே ஒருவர் வருவாரா என்றும் கேளுங்கள். எனக்கு வந்தார்கள்.