‘பொசசிவ்’ என்றால் பாராட்டா, புகாரா?

கவிராயன்:
ஒரு தொடர்கதை எழுதுகிறேன். நாயகி தோழியிடம், “அவர் என் விஷயத்தில் ரொம்ப பொசசிவ்” என்று பெருமையாகச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவரோ, இப்படியே விட்டால் படிப்பவர்கள் நாயகனை வில்லனாக்கிவிடுவார்கள் என்கிறார். அளவு கடந்த அன்பைத்தானே அந்தச் சொல் குறிக்கிறது?

அகராதிக்காரி:
இல்லை. ஆங்கிலத்தில் ஒருவரை அப்படிச் சொன்னால் அது குறைதான். முழுக் கவனமும் தனக்கே வேண்டும், வேறு யாரோடும் பழகக் கூடாது என்று பிடித்து வைப்பவர். லத்தீனில் அதன் வேருக்கு அதிகாரத்தோடு உட்கார்வது என்று பொருள். ‘தலைமேல் ஏறி உட்கார்கிறான்’ என்போமே, அதற்குப் பக்கத்து வீடு.

கவிராயன்:
வேரைத் தோண்டிப் பொருள் சொன்னால் பாதி அகராதி சாய்ந்துவிடும். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம்! “எனக்குப் பொசசிவ் வருது” என்கிறோம். ஆங்கிலத்தில் அது பெயரடை, வரவும் தெரியாது போகவும் தெரியாது. நாம் அதைக் கோபம், அழுகை மாதிரி ஓர் உணர்ச்சியின் பெயராக்கிவிட்டோம். பொருளும் மாறத்தானே செய்யும்?

அகராதிக்காரி:
நாற்றம் நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். பெயர்ச்சொல் ஆனதும் உண்மை. எனக்கு உறுத்துவதே அதுதான். “அவன் பொசசிவ்” என்றால் அது அவன் குணம். “பொசசிவ் வருது” என்றால் காய்ச்சல் வந்த மாதிரி. வந்தவர்மேல் தப்பே இல்லை. யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று குடைந்ததெல்லாம் கணக்கில் வராமலே போய்விடும்.

கடைசி பெஞ்ச்:
நடுவில் ஒன்று. இலக்கணத்தில் இதே சொல் உடைமையைக் காட்டும் நம் ஆறாம் வேற்றுமையைக் குறிக்கும். ‘நம்பிமகன்’ என்ற, வேற்றுமை உருபு மறைந்த தொகையைத் தொல்காப்பியம் ‘நம்பியது மகன்’ என்று விரிக்க விடாது, ‘நம்பிக்கு மகன்’ என்றுதான் விரிக்க வேண்டும். ஆளை உடைமையாக்க இலக்கணமே சம்மதிக்கவில்லை, பார்த்தீர்களா?

கவிராயன்:
கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘அது’ அஃறிணை ஒருமைக்கு உரிய உருபு, மகனோடு ஒட்டாது. அவ்வளவுதான் விஷயம். இதில் அறம் எங்கே வந்தது?

அகராதிக்காரி:
இதில் கவிராயன் பக்கம்தான் நான். சரி, கதைக்கு வருவோம். உங்கள் நாயகன் அப்படி என்னதான் செய்கிறான்?

கவிராயன்:
அவள் நண்பர்களோடு சிரித்துப் பேசினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சாப்பிட மாட்டான்.

அகராதிக்காரி:
அவளைத் தடுப்பதில்லையே? அப்படியானால் அவன் ‘ஜெலஸ்’. கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அது. பிடித்து வைப்பது வேறு. அந்தச் சொல்லைப் போடச் சொல்லுங்கள், வில்லன் ஆக மாட்டான்.

கவிராயன்:
ஏழாவது அத்தியாயத்தில் அவள் போனை வாங்கி இரண்டு நண்பர்களை பிளாக் செய்கிறான்...

அகராதிக்காரி:
அப்போ ‘பொசசிவ்’ என்றே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் அந்த அத்தியாயத்தையும் படித்திருக்கிறார் போல.