கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த தங்கச்சி கம்ப்யூட்டரையே தொடவில்லை என்கிறாள்

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம். தங்கச்சியை இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தோம், கொள்முதல் நிலையத்தில் சம்பா போட்ட பணத்தில் எடுத்து வைத்திருந்ததுதான் ஃபீஸ். மூன்று மாதம் ஓடிவிட்டது. லேப் வாரத்துக்கு ஒருநாள், மற்ற நேரமெல்லாம் பைனரி, ட்ரூத் டேபிள், சி என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் தஞ்சாவூரில் ஏதோ சென்டரில் அதே மூன்று மாதத்தில் பைத்தானே முடித்துவிட்டான். நான் பன்னிரண்டாவது காமர்ஸ், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று வருடத்தில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

குடந்தை அக்கா:
தம்பி, பயப்படாதீர்கள். நானும் அதே படிப்புதான், இப்போது சென்னையில் வேலை. சி, பைத்தான் இரண்டும் ப்ரோக்ராம் எழுதும் மொழிகள். சி பழசுதான், 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. ஆனால் நாம் வழக்கமாக இறக்கிப் போடும் பைத்தானையே சி-யில்தான் எழுதியிருக்கிறார்கள். சி-யில் பாயிண்டர் (ஒரு தகவல் மெமரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி) வரும்போது தங்கச்சி கண்டிப்பாக அழுவாள், நானும் அழுதேன்.

அப்புறம் டேட்டா ஸ்ட்ரக்சர், தகவலை எப்படி அடுக்கி வைத்துத் தேடுவது என்கிற பாடம். ஒரு லட்சம் ரேஷன் கார்டு நம்பர்கள் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாக இருந்தால், நடுவில் பார்த்து ஒரு பாதியைத் தள்ளி, மிச்சத்தில் மறுபடி நடுவில் பார்த்து என்று போனால் அதிகபட்சம் 17 தடவையில் தேடிய கார்டு கிடைத்துவிடும். இதை மொழி எதுவானாலும் எழுதலாம்.

எனக்குப் பிடித்தது ஆபரேட்டிங் சிஸ்டம்தான், கம்ப்யூட்டரில் எல்லா ப்ரோக்ராமையும் மேய்க்கும் அடிப்படை மென்பொருள். தண்ணீர் குறைந்த வருடம் முறை வைத்து விடுவார்களே, இத்தனை நாள் வெண்ணாறு, அடுத்து வேறு ஆறு என்று, கணக்குப் போடும் சில்லான பிராசஸருக்கும் அதே கதை. பத்து ப்ரோக்ராம் காத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் கொடுத்து மாற்றிக்கொண்டே இருக்கும், ரவுண்ட் ராபின் என்று பேர். முறை நாளை ரொம்பக் குறைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் வாய்க்காலை நனைத்து வருவதற்குள் லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கிவிடுவார், வயலுக்கு ஒன்றும் சேராது. கம்ப்யூட்டரிலும் அந்த நேரத்துண்டை ரொம்பச் சின்னதாக வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலேயே பொழுது போய்விடும், வேலை நகராது. அதற்காக ரொம்பப் பெரிதாக வைத்தால் பின்னால் நிற்பவன் காய்வான். எவ்வளவு வைப்பது என்று யோசிக்கத்தான் அந்தப் பேப்பர்.

ஒரத்தநாட்டான்:
அக்கா சொல்வதெல்லாம் சிலபஸில் இருக்கிறது, கிளாஸில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் படித்த இடத்தில் (பேர் வேண்டாம்) முக்கியக் கேள்வி பதினைந்தை மனப்பாடம் பண்ணினால் பாஸ். ரெக்கார்டு நோட்டை சீனியரைப் பார்த்து எழுதினோம், கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கினோம். வைவாவில் ஒரு வரியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார்கள், முழித்தேன். வேலைக்குப் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். அதனால் ரெக்கார்டில் எழுதும் ஒவ்வொரு ப்ரோக்ராமையும் வீட்டில் அடித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எரர் வரட்டும்.

வெண்ணாற்றங்கரை:
வீட்டில் கம்ப்யூட்டரே இல்லையே அண்ணே, பழைய லேப்டாப் வாங்கினால் தாங்குமா? அக்கா, முறை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், அப்படியானால் அதற்குள்ளும் கடைமடை உண்டா என்று கேட்கிறார்.

ஒரத்தநாட்டான்:
தாராளமாகத் தாங்கும். லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டால், எழுதிய சி ப்ரோக்ராமை ஓடும்படி மாற்றித் தரும் கம்பைலருக்கும் காசே இல்லை.

குடந்தை அக்கா:
அப்பா சரியாகப் பிடித்துவிட்டார்! உண்டு. ரவுண்ட் ராபினில் எப்படியும் முறை வந்துவிடும், ஆனால் முக்கியமானவனுக்கு முதலில் என்று வைத்தால் கடைசியில் நிற்பவனுக்கு வராமலேயே போகலாம். ஸ்டார்வேஷன் என்பார்கள், பட்டினிதான். அதற்கு வழி, காத்திருக்கக் காத்திருக்க அவனுடைய முன்னுரிமையைக் கூட்டிக்கொண்டே போவது.