இன்டர்செப்டருக்கு ரைசர் போதுமா, ஹேண்டில்பாரையே மாற்றவேண்டுமா?

மலைப்பாதை:
வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, என் உயரம் 183 செ.மீ. சென்னையிலிருந்து ஏற்காடு போய் இறங்கினால் இரண்டு தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறது, வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது. ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் 30 மி.மீ. ரைசர் (ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் கட்டை) பார்த்து வைத்திருக்கிறேன். கூட ஓட்டும் நண்பர், ரைசர் வேண்டாம், உயரமான ஹேண்டில்பாராக மாற்றிவிடு என்கிறார். இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செட்:
ரைசர்தான் ப்ரோ. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது, நம் வண்டியில் அந்தச் சாய்வு 24 டிகிரி. ரைசர் அந்தச் சாய்விலேயே ஏறுவதால் 30 மி.மீ. போட்டால் பார் 27 மி.மீ. உயர்ந்து 12 மி.மீ. உங்கள் பக்கமும் வரும். உயரமான ஆளுக்கு இரண்டுமே வேண்டும். ஸ்விட்ச், கிரிப், லீவர் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

கொல்லிமலை 70:
அதே 30 மி.மீ. ரைசரோடு கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏறியவன் நான், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கடையில் மாட்டித் தந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடித்தேன், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு நான் முறுக்காமலே ஆர்பிஎம் ஏறி வண்டி என்னை வெளிப்பக்கம் தள்ளியது. எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இன்னொன்று, ரைசர் பாரைத் தூக்குமே தவிர அதன் வளைவை மாற்றாது. மணிக்கட்டு மரத்துப்போவது கை மடங்கியிருக்கும் கோணத்தால். அதற்குக் கைப்பக்கம் அதிகம் வளைந்த வேறு பார்தான் வழி.

ஸ்பேனர் செட்:
உங்களுக்கு நடந்தது பயங்கரம்தான், ஆனால் அது கேபிளைச் சரியான வழியில் கொண்டுபோகாமல் விட்டவர்களின் தவறு, அதை ரைசர் மேல் போடுவது நியாயமில்லை. உயரமான பார் போட்டாலும் அதே கேபிள் அதே மாதிரிதான் இழுபடும், அகலம் கூடினால் இன்னும் மோசம். அப்புறம் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன பின் இருக்கிறது, அது பாரில் உள்ள துளையில் உட்கார வேண்டும். வெளியில் வாங்கும் பல பார்களில் அந்தத் துளை இருக்காது. அளந்து துளை போடச் சோம்பல்பட்டு அந்தப் பின்னையே தேய்த்து எடுத்துவிடும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன், பிறகு ஸ்விட்ச் பெட்டி பாரில் சுழலும். 28.6 மி.மீ. தடித்த பார் ஆசை வந்தால் பாரைப் பிடிக்கும் கிளாம்ப்பும் மாற்ற வேண்டும், நம்முடையது 22.

ஆர்.சி. புக்:
ஒரு வார்த்தை. வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டது. எதைப் போட்டாலும் கம்பெனி பாரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

கொல்லிமலை 70:
ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பின் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், பார் மாற்றுபவர்கள் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தால் எல்லாம் தீரும் என்பதை ஏற்கமாட்டேன். 100-ல் போகும்போது காற்று நெஞ்சில் அடிக்கும், அதைக் கை தாங்கும். முதுகு நிமிர நிமிர உடல் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக முதுகுக்கு. காசு செலவழிக்கும் முன் ஓசியில் ஒன்று செய்யுங்கள்: கிளாம்ப்பைத் தளர்த்தி பாரைக் கொஞ்சம் உங்கள் பக்கம் உருட்டுங்கள், பிறகு முழங்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரை இறக்குங்கள்.

ஸ்பேனர் செட்:
இதில் சண்டையே இல்லை, முதலில் அதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தோள் வலித்தால் 20 மி.மீ.யில் நில்லுங்கள். ரைசரோடு வரும் போல்ட் 8 மி.மீ. என்றால் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்க வேண்டாம்.

மலைப்பாதை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பாரை உருட்டி லீவரை இறக்கியதுமே மணிக்கட்டு சரியாகிவிட்டது, இவ்வளவு சின்ன வேலைக்கா ஒரு வருடம் கஷ்டப்பட்டேன் என்று இருந்தது. தோள் வலி போகவில்லை, அதனால் 20 மி.மீ. ரைசர் போட்டேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தேன், ஆர்பிஎம் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு.

கொல்லிமலை 70:
நல்லது. கிளட்ச் வயரும் பிரேக் ஹோஸும் ஒடிக்கும்போது எங்கேயாவது விறைக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், ஹோஸ் விறைத்தால் கிளம்பாதீர்கள். நான் இன்னும் பார் கட்சிதான்.