கொண்டை ஊசி டி.என்.ஏ.வில் ஆடிபிம்ப எழுத்துகள்: உறுதியா, தளர்ச்சியா?

தாமிரவேல்:
தனக்குள்ளேயே மடிந்து, தண்டும் வளையமுமாக நிற்கும் டி.என்.ஏ. இழைதான் கொண்டை ஊசி. இயற்கை டி.என்.ஏ.வின் சர்க்கரை டி-வடிவம். அதன் ஆடிபிம்பமான எல்-வடிவத்தை நம் உடலின் நொதிகள் வெட்டுவதில்லை. ஆகவே, தண்டில் மூன்று எழுத்துக்கு ஒன்றாக எல்-நியூக்ளியோடைடை, அதாவது எல்-சர்க்கரை கொண்ட எழுத்தைச் செருகினால் அமைப்பு உறுதிப்படும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

பூரணி:
மறுக்கிறேன். நொதிக்குத் தாக்குப்பிடிப்பது வேறு, சூட்டில் பிரியாமல் நிற்பது வேறு. இரண்டையும் ‘உறுதி’ என்று ஒரே முடிச்சில் கட்டிவிட்டீர்கள். வலப்புறமாக முறுக்கிய கயிற்றின் நடுவே ஓர் அங்குலத்தை மட்டும் இடப்புறம் முறுக்கிப் பாருங்கள், அந்த இடம் தளரும். அடினின், தைமின் என்னும் எழுத்துகள் அங்கேயும் இணை சேரும்தான். ஆனால் சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலி நெளிந்து இடம்கொடுக்க வேண்டியிருப்பதால் உருகு வெப்பநிலை (ஜோடிகள் பிரியும் சூடு) இறங்கிவிடுகிறது. ஆறு ஜோடித் தண்டில் மூன்றுக்கு ஒன்று என்றால் மடிப்பு நிற்குமா என்பதே சந்தேகம்.

தாமிரவேல்:
அப்படியானால் 2007இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முடிவு? எல்-தண்டு வைத்த கொண்டை ஊசியின் உருகு வெப்பநிலை உயர்ந்தது என்றுதானே எழுதினார்கள்?

பூரணி:
உயர்ந்தது, உண்மை. ஆனால் அவர்கள் எழுத்தெழுத்தாகச் செருகவில்லை. தண்டு முழுவதும் எல், வளையம் மட்டும் டி. தண்டின் இரு கரங்களும் ஒரே திசையில் முறுகுவதால் அங்கே முரண் இல்லை. அதைவிட முக்கியம் இது: எல்-இழை டி-இழையோடு நிலையாக ஜோடி சேராது. எனவே தண்டு தன் வளையத்தோடோ உயிரணுவிலுள்ள வேற்று டி.என்.ஏ.வோடோ தவறாக ஒட்டிக்கொள்ள வழியில்லை. அவர்களுடைய கொண்டை ஊசி, தேடும் இழையோடு சேர்ந்து தண்டு திறந்தால் ஒளிரும் உளவி. தண்டு தவறாகத் திறந்து எழும் பொய்யான ஒளிர்வு குறைந்தது அதனால்தான். இந்த அழகான யோசனையை ‘எங்கே எல் வைத்தாலும் நல்லது’ என்று சுருக்கிவிடாதீர்கள்.

இளவழுதி:
ஆனாலும் எல்-தண்டு இடக்கைச் சுருள்தானே, அம்மா? இசட்-டி.என்.ஏ.வும் இடக்கைதான், அது சாதாரண உப்புக் கரைசலில் நிற்பதே இல்லை. இதை மட்டும் எப்படி நம்புவது?

பூரணி:
பலர் தடுக்கி விழும் இடம் இது, தம்பி. இசட்-வடிவத்திலும் இருப்பது டி-சர்க்கரையே. குவானினும் சைட்டோசினும் மாறிமாறி வரும் வரிசை, உப்பு மிகுந்த கரைசலில் வேறு விதமாகச் சுருண்டுகொள்கிறது. எல்-டி.என்.ஏ. அப்படியன்று, நம் வழக்கமான பி-வடிவத்தின் நேர் ஆடிபிம்பம். ஒரே வரிசை, ஒரே கரைசல் என்றால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகும். இந்தக் குணத்தை நம்பித்தான் 2012இல் எல்-கொண்டை ஊசியை உயிரணுவுக்குள் வெப்பமானியாகவே வைத்தார்கள்.

தாமிரவேல்:
மூன்றுக்கு ஒன்று என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இழையின் ஒரு கடைசியான 3′ (மூன்று-பிரைம்) முனையில் ஒரேயோர் எல் வைப்பதை விடமாட்டேன். முனையிலிருந்து கடித்துவரும் நொதிக்கு அது தடை. தண்டின் நடுப்பகுதி கலையாது. முழுத் தண்டுக்கும் எல்-மூலப்பொருள் வாங்கும் செலவு எங்களைப் போன்ற சிறிய ஆய்வகத்துக்குக் கட்டாது.

பூரணி:
முனை காக்கப்படும், ஏற்கிறேன். வளையம் டி ஆயிற்றே? நடுவில் வெட்டும் நொதிக்கு அங்கே கதவு திறந்தே கிடக்கிறது. சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) ஒரு நாள் ஊறவைத்துவிட்டு, இழை வெட்டுப்பட்டதா என்று காட்டும் ஜெல் படத்தை இங்கே போடுங்கள்.